ஐலாவின் நெற்றிச் சுளிப்பு

கண்ணாடியில் நெற்றி வழவழவென்று இருந்தது. விரலால் தடவினால் மட்டும் புருவங்களுக்கு நடுவே அந்த இரண்டு கோடுகளும் தட்டுப்பட்டன.

ஐலா விளக்கைப் போட்டுப் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை, விரலுக்கு இருந்தது. முப்பது வருஷமாக அவள் முகத்தில் குடியிருந்த சுளிப்பு அது. ஆறு வருஷத்துக்கு முன் மகள் ஹென்னா, "உன் முகத்தப் பாத்தாலே பயமா இருக்கும்மா, காலம்பூரா என்னை மொறச்சுக்கிட்டே இருந்துட்டே" என்று சொல்லிவிட்டுக் கோட்கா ஊரை விட்டே போய்விட்டாள். இந்தச் சனிக்கிழமை வருகிறாள், நான்கு வயது மகளைக் கூட்டிக்கொண்டு. அதற்காகத்தான் ஐலா போன சனிக்கிழமை நெற்றியில் சுருக்கம் நீக்கும் ஊசி போட்டுக்கொண்டாள்.

ஊசி போட்ட நர்ஸ் தர்யாவுக்கு ஐலா போன் செய்தாள்.

"கோடு இன்னும் கைக்குத் தட்டுப்படுதே?"

"மருந்து முழுசா பிடிக்க ரெண்டு வாரம் ஆகும்க்கா. எமை தொங்குதா?"

"இல்ல."

"அப்ப பயப்படாதீங்க. அன்னிக்கு சவுனா போகலதானே? சூடு பட்டா மருந்து எடம் மாறிடும்."

"போகல," என்றாள் ஐலா.

போயிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் சவுனாவில் ஆவிக்குளியல் போடாமல் எவளால் இருக்க முடியும்? கொதிக்கும் கல்லில் தண்ணீரை ஊற்றி, எழுந்த ஆவிக்குள் மேல்பலகையில் மல்லாந்து கிடந்தாள். நெற்றிக்குள் எதுவோ இளகியது. சுகமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை நெற்றியில் கோடு தட்டுப்படவில்லை. மூன்று மணிக்கே இருட்டிவிட்ட சமையலறையில், கொதிக்கும் காபியின் வாசனைக்கும் தெருவில் பனி தள்ளும் வண்டியின் உறுமலுக்கும் நடுவே, அவள் கன்னத்தில் கை வைத்தபோது, தோலுக்கு அடியில் அந்த இரண்டு கோடுகளும் படுக்க இடம் தேடும் பூனையைப்போல் மெல்லத் திரும்பிப் படுத்தன. அவள் கையை எடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை கழுத்தில். வெள்ளிக்கிழமை தோளில்.

"தர்யா, அந்தக் கோடு எங்க போகும்?"

"எங்கயும் போகாதுக்கா. தசை இளகிடும், அவ்ளோதான்."

ஐலா போனை வைத்தாள். முழங்கைக்குள் ஏதோ நகர்ந்தது.

சனிக்கிழமை காலையில் அது வலது உள்ளங்கையில் இருந்தது. சூடாக. விரலை மடக்கினால் உள்ளே சுருங்கியது. விரித்தால் வெளியே வரப் பார்த்தது.

மதியம் வாசல்மணி அடித்தது. ஹென்னா உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றக்கூட மறந்து அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

"அம்மா, முகமே மாறிப்போச்சு."

ஐலாவுக்கு அழுகை முட்டியது. நெற்றி அசையவில்லை.

"பிஹ்லா, பாட்டிக்குக் கை குடு," என்றாள் ஹென்னா. சிறுமி கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினாள்.

ஐலா வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஹென்னாவின் முகம் வாடிவிட்டது.

"இவகிட்டயும் இப்படித்தானா?" என்று கேட்டபடி கதவுப்பிடியில் கை வைத்தாள்.

"இல்லடி, கொஞ்சம் பொறு. என் கைல..."

"ஏதோ ஒளிச்சு வெச்சிருக்காங்கம்மா," என்று பிஹ்லா சிரித்தாள். மிட்டாய் என்று நினைத்திருப்பாள். ஓடி ஐலாவுக்குப் பின்னால் போனாள். ஐலா திரும்புவதற்குள் குளிர்ந்த சின்ன விரல்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தன.

கை லேசாயிற்று.

சிரிப்பு நின்றது.

"என்னடி குடுத்தாங்க? காட்டு," என்றாள் ஹென்னா.

அவள் பூட்ஸிலிருந்து பனித்தண்ணீர் சொட்டியது.

பிஹ்லா மெதுவாக முன்னால் வந்து அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். இளம்புருவங்களுக்கு நடுவே, தோல் மடிந்து, ஆழமாக, முப்பது வருஷத்துப் பழைய இரண்டு கோடுகள்.

ஹென்னா பின்வாங்கினாள். முதுகு கதவில் இடித்தது. ஏதாவது செய் என்று கேட்பதுபோல் அம்மாவைப் பார்த்தாள். ஐலா உள்ளுக்குள் அலறிக்கொண்டிருந்தாள். முகம் மட்டும் சாந்தமாக இருந்தது. பிஹ்லா கண்ணிமைக்காமல் தன் தாயை முறைத்துக்கொண்டு நின்றாள்.