உறையாத கொழுப்பு

துப்பாக்கிக் குழலின் வாயில் அப்பிய பன்றிக் கொழுப்பு உறையவே இல்லை. இந்த மழைக்கும் ஈரக்காற்றுக்கும் அது இந்நேரம் மெழுகாய் இறுகியிருக்க வேண்டும். மாரிச்சாமி தொட்டுப் பார்த்தான். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது போல வெதுவெதுவென்று விரலில் வழுக்கிக்கொண்டு வந்தது. சீ! வேட்டியில் துடைத்தான். நாற்றம் போகவில்லை. கொழுப்பு நாற்றம் மட்டுமாயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பான். அதோடு வேப்பெண்ணெயும் கற்பூரமும் கலந்த வாடை அடித்தது.

ரங்கூனிலிருந்து காலை ரயிலில்தான் மாவ்பிக்கு வந்திருந்தான். தங்கை காளியம்மா அழுது ஆள் அனுப்பியிருந்தாள். அவள் புருஷன் நல்லையா காய்ச்சலில் போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆடி மாத அடைமழையில் எரிக்கக் காய்ந்த விறகு கிடைக்காமல், தோட்டத்துக் கோடியில் மூங்கில் புதர் ஓரமாகப் புதைத்திருந்தார்கள். முழங்கால் ஆழம்தான். அதற்குக் கீழே தோண்டினால் தண்ணீர் ஊறியது. அந்தக் குழியைத்தான் பன்றி கிளறுகிறதாம்.

"மொதல்ல வந்த பன்னிய பக்கத்து வூட்டு கோ சான் டின் போன வாரம் சுட்டுட்டாருண்ணே," என்று அவள் சோறு போடும்போது சொன்னாள். "நம்ம மண்ணுல விழுந்ததால ஒரு தொடையும் கொழுப்பும் நமக்குன்னு குடுத்தாரு. இங்க அதான் வழக்கம், வேணாம்னா கோவிச்சுக்குவாங்க. ஆனா அதுக்கப்புறமும் மண்ணு கெளறிக் கெடக்கு. எனக்குக் கிட்டப் போய்ப் பாக்கவே பயமா இருக்கு. கண்டது கழியது திங்கவா அவரப் பொதச்சோம்?"

"அழாத காளி. இன்னிக்கு முடிச்சுடறேன்." உப்புக்கண்டம் போட்டு வைத்திருந்த பன்றிக்கறியை வறுத்து வைத்திருந்தாள். பசியில் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

பிறகு துப்பாக்கியைக் கெட்டித்தான். பழைய கேப்பு துப்பாக்கி. வாய் வழியாகத்தான் மருந்து போட வேண்டும், மழையில் ஒரே ஒரு வெடிதான் நிச்சயம். கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நார் திணித்து, ஈய ரவை போட்டு, மறுபடி நார் வைத்துக் கம்பியால் இறுக்கினான். மழை உள்ளே இறங்காமல் வாயை அடைக்க ரங்கூனிலிருந்து கொண்டுவந்த மெழுகு ரயிலில் எங்கேயோ விழுந்துவிட்டது. "கொழுப்பு இருக்கா?" என்றான். அவள் கிண்ணத்தோடு கொண்டுவந்து வைத்தாள். குழல் வாயை அதைக் கொண்டு அடைத்து, தீப்பொறி தரும் கேப்பைச் சுற்றிலும் பூசி, அதை அடிக்கும் குதிரையின் மேல் தோல் உறையைக் கட்டினான்.

"வெடிச்சத்தம் கேக்கற வரைக்கும் தாழ்ப்பாளத் தொறக்காத. கேட்டதும் வெளக்க எடுத்துக்கிட்டு வா, பன்னிய இழுக்க ஒத்தாச வேணும்."

"இந்த மழையில வெடிக்குமாண்ணே?"

"வெடிக்காம? இது ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்ல."

இப்போது விழுந்து கிடந்த மரத்தின் மேல் குழலைச் சாய்த்துவிட்டு, ஓலைக்குடைக்கு அடியில் குந்தியிருந்தான். பொழுது சாயவில்லை, ஆனாலும் மழை இருட்டில் மூங்கிலும் மண்ணும் ஒரே கறுப்பாய் இருந்தன. அட்டைகள் கெண்டைக்காலில் ஏறின. மூங்கில் சருகின் மக்கிய வாடை, சேற்று வாடை, எங்கிருந்தோ காற்றில் பர்மாக்காரர்கள் புளிக்கவைக்கும் ஙப்பியின் மீன் கவிச்சி, எல்லாவற்றுக்கும் மேலே அந்த வேப்பெண்ணெய், கற்பூரம். மூட்டுவலிக்காக நல்லையா ராத்திரிதோறும் அதைத்தான் தேய்த்துக்கொள்வான். சாகும் வரை அவன்மேல் அந்த வாடைதான்.

குழியை எட்டிப் பார்த்தான். ஓரத்தில் பன்றியின் கோரைப்பல் கீறிய பழைய தடங்கள் மழையில் பாதி கரைந்து கிடந்தன. அவற்றுக்கிடையே வேட்டிக் கிழிசல் ஒன்று, மென்று துப்பிய கரும்புச் சக்கையைப் போல. அப்படியானால் கோ சான் டின் சுட்ட பன்றி செத்தது தின்ற பிறகுதான். தின்ற பிறகு.

மத்தியானம் தின்றது அந்தப் பன்றியின் கறி. தூ, தூ என்று துப்பினான். ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றேனே! அவள் ஒரு வாரமாய்த் தின்கிறாளே!

அப்போதுதான் புது மண்ணைப் பார்த்தான். அது வெளியிலிருந்து கிளறியதாக இல்லை. உள்ளேயிருந்து தள்ளியிருந்தது.

குழி காலியாக இருந்தது.

மூங்கில் அசைந்தது. தாழ்வாக ஏதோ நாலு காலில் வந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம். பன்றிதான். பன்றியாகவே இருக்கட்டும், மாரியாத்தா! தோல் உறையை அவிழ்த்தான். குதிரையைப் பின்னுக்கு இழுத்தான். அது குழிப் பக்கம் போகவில்லை. நேராக அவனிடம் வந்தது. குழலிடம் வந்தது. மரத்தின் மேல் ஒரு கை விழுந்தது.

ஐந்து விரல்.

ஊதிய விரல்கள். தோல் கழன்று தொங்கியது. தொடையில் சதை இல்லை. இடுப்பில் சதை இல்லை. முகம் இருந்தது. முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அது குழல் வாயில் உதட்டை வைத்தது. நக்கியது. கொழுப்பைச் சப்பிச் சப்பி விழுங்கியது, குழந்தை பால் குடிப்பதைப் போல. தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது.

"மாப்ளே..." என்றான் மாரிச்சாமி.

அது கண்ணைத் திறந்தது. அவன் விசையை அழுத்தினான்.

வெடித்தது. எவ்வளவு அழகாய் வெடித்தது! ஒரு பொட்டு ஈரம் ஏறாமல் காத்த மருந்து. பின்மண்டை போனது. புகை வந்தது. அதன் வாய் மட்டும் சப்புவதை நிறுத்தவில்லை.

மருந்துக் குப்பியைத் திறந்தான். முழங்கை பட்டுக் குடை சரிந்தது, மழை நேரே குப்பிக்குள் கொட்டியது. கரிமருந்து கூழானது. அது குழலை விட்டது. அவன் விரல்களை முகர்ந்தது. அவன் வயிற்றில் மூக்கை வைத்தது. முகர்ந்துகொண்டே இருந்தது.

வீட்டில் தாழ்ப்பாள் விலகியது.

"சுட்டுட்டியாண்ணே?"

அது தலையைத் திருப்பியது. மெதுவாக எழுந்து ரெண்டு காலில் நின்றது. சதை இல்லாத இடுப்பில் வேட்டிக் கந்தலை இழுத்துச் செருகிக்கொண்டது, நல்லையா சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது செய்வதைப் போலவே. நடந்தது.

மாரிச்சாமி கத்த வாயைத் திறந்தான். மத்தியானம் தின்றதுதான் வந்தது. வந்துகொண்டே இருந்தது, குரலுக்கு வழி விடாமல்.

காளியம்மா விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வருவது அண்ணன்தான் என்று மழையில் இறங்கி நடந்தாள்.