மஞ்சள் பொடியும் நீல உதடும்

காலை 10.20. ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சூப்பர்வைசர் ஹெலன் தரையில் சாய்ந்து கிடந்தாள். உதடுகளில் நீலம் பாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹேமலதா வராந்தாவுக்கே ஓடி வந்தார். "ஆக்ஸிஜன் வச்சும் நீலம் போகல. மாத்து மருந்து ரெடியா இருக்கு. ஆனா தப்பான விஷத்துக்கு அதைக் குடுத்தா அதுவே ஆபத்து. அவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு சீக்கிரம் கண்டுபிடிங்க!"

சப்-இன்ஸ்பெக்டர் அம்பிகா, ஹெலனின் கணவன் அந்தோணி பக்கம் திரும்பினாள். அவன் கையிலிருந்த பாட்டிலை நீட்டினான்.

"மூட்டு வலிக்கு மஞ்சள் பொடி மேடம். தினம் ஒரு ஸ்பூன் தான். இன்னிக்கி வலி ஜாஸ்தின்னு மூணு ஸ்பூன் போட்டுக்கினா. இயற்கை தானே, இன்னா ஆயிடப்போவுதுன்னு..."

"சீல் உடைஞ்சிருந்துச்சா?"

"இல்ல மேடம். காலைல நான் தான் பிரிச்சேன்."

அப்படியானால் விற்ற கடைக்காரர் மேல் சந்தேகம் இல்லை. லேபிளில் பெரிய இலைப் படம், 'நூறு சதவீதம் இயற்கை'. லைசென்ஸ் நம்பர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை. தயாரிப்பாளர் ஜெயப்பிரகாஷின் முகவரி மட்டும் இருந்தது. ஜீப் பறந்தது.

ஜெயப்பிரகாஷ் அரவை மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். வேலூர் லாங் பஜார் மொத்த வியாபாரி ரஃபி அகமது அப்போதுதான் ஒரு மூட்டையை இறக்கிப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இருவர் கையிலும் மஞ்சள்.

"நான் கிழங்கா தான் மேடம் தர்றேன்," என்றார் ரஃபி. "அதுவும் ரொம்ப கம்மி. மாசத்துக்கு ஒரு மூட்டை."

"கிழங்குலயே அவரு ஏதாச்சும் அடிச்சிருப்பாரு," என்றார் ஜெயப்பிரகாஷ். "நான் அரைச்சு அடைக்கிறேன், அவ்ளோ தான்."

"ரெண்டு பேரும் கைய கழுவிட்டு ஜீப்ல ஏறுங்க."

குழாயடியில் துணி சோப்பு கிடந்தது. ரஃபி தேய்த்தார். விரலிடுக்கில் நுரை செங்கல் நிறமாக வழிந்தது. அடுத்து ஜெயப்பிரகாஷ். மஞ்சள் நுரை தொட்டியில் விழுந்தது. அவர் நிதானமாகத் துண்டில் கை துடைத்தார்.

"போலாமா மேடம்?"

"நீங்க மட்டும் வாங்க ஜெயப்பிரகாஷ். ரஃபி பாய் வீட்டுக்குப் போலாம்."

"ஏன்? இன்னா ஆதாரம்?"

"ஆரத்திக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு கலந்தா இன்னா ஆவும்? சிவக்கும். சோப்புலயும் காரம் இருக்கு. பாய் கையில நுரை சிவந்துச்சு, ஏன்னா அவர் தொட்டது நிஜ மஞ்சள். உங்க நுரை சிவக்கவே இல்ல. காலைலேர்ந்து நீங்க அரைச்சது மஞ்சளே இல்ல! மாசம் ஒரு மூட்டைய வச்சுக்கினு ஊர் பூரா பாட்டில் நிரப்ப முடியுமா?"

ஜெயப்பிரகாஷின் முகம் வெளுத்தது. "மாவு தான் மேடம்... கலருக்கு கொஞ்சூண்டு... ஷூ தோலுக்குப் போடற சாயம்..."

"எங்க?"

மாவு மூட்டைகளுக்குப் பின்னால் டப்பா கிடைத்தது. அதிலிருந்த சாயத்தின் பெயரை அம்பிகா எழுத்தெழுத்தாகப் போனில் வாசித்தாள். மறுமுனையில், "அதே தான்! சிஸ்டர், ஊசி போடுங்க!" என்று டாக்டர் கத்துவது கேட்டது.

ஜெயப்பிரகாஷை ஜீப்பில் ஏற்றி, அரவைக் கூடத்துக்குச் சீல் வைத்தார்கள். கடைகளில் இருக்கும் பாட்டில்களை அள்ளி வர இரண்டு கான்ஸ்டபிள்கள் கிளம்பினார்கள். ஜீப் ஸ்டேஷன் வாசலை அடையும்போது அந்தோணி போன் செய்தான்.

"மேடம்! கண்ணு முழிச்சிட்டா மேடம்! திட்றா!"

"யாரை?"

"என்னைத் தான்! கம்பெனிக்கு லீவு சொன்னியா இல்லியான்னு!"

அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று அம்பிகாவுக்குத் தெரியவில்லை.