கவிழ்த்தாலும் விழாத மாம்பழ மூஸ்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனுஷ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். பையைக் கழற்றவில்லை. ஷூவையும் கழற்றவில்லை. சுவரைப் பார்த்து நின்றான்.

இரண்டாம் வகுப்புப் படிக்கிற பையன் சுவரைப் பார்த்து நின்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அவனுடைய அக்கா ஆஷா ஆறாம் வகுப்பு. அவளுக்கு இது நன்றாகத் தெரியும்.

"என்னத்த உடைச்ச?"

"எதையும் உடைக்கல."

"யாரை அடிச்ச?"

"யாரையும் அடிக்கல."

"பின்ன என்னடா?"

"ஒண்ணு சொல்லிட்டேன்."

ஆஷா அவன் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "சொல்லு. என்ன சொன்ன?"

"சிவராஜுக்குப் பொறந்த நாளு. பெரிய ஓட்டல்ல மூஸ் சாப்பிட்டானாம். உங்க வீட்டுல எல்லாம் அது கிடைக்காதுன்னான். நான், எங்கக்கா வீட்டுலயே மாம்பழ மூஸ் செய்யும்னு சொல்லிட்டேன்."

"நான் எப்படா செஞ்சேன்?"

"வீடியோல பாத்தல்ல."

"பாத்தேன். செய்யல."

"டம்ளரைக் கவுத்துப் பிடிச்சாலும் விழாதுன்னும் சொல்லிட்டேன்."

தனுஷ் மீதியையும் சொல்லி முடித்தான்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு சிவராஜும் ஆரோக்கியராஜும் இங்க வாராங்க. சிவராஜ் என் தலைக்கு மேல டம்ளரைக் கவுத்துப் பாப்பானாம். விழுந்துச்சுன்னா எல்லாரும் என்னைப் புளுகன்னுதான் கூப்பிடுவாங்களாம். வருசம் பூரா."

"வருசம் இப்பதானடா ஆரம்பிச்சிருக்கு."

"அதான்க்கா" என்றான் தனுஷ். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஷா யோசித்தாள். மூஸ் என்பது பஞ்சு மாதிரி இருக்கும் ஒரு குளிர்ந்த இனிப்பு. வீடியோவில் வந்த பெண் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டாள். தண்ணீர் எல்லாம் வடிந்து தயிர் கெட்டியானது. அதில் மாம்பழக் கூழும் பொடித்த சர்க்கரையும் போட்டு நுரைக்க அடித்தாள். பிரிட்ஜில் வைத்தாள். அவ்வளவுதான். அடுப்பே இல்லை.

அது நல்லது. ஏனென்றால் அப்பா சீனிச்சாமி வேலைக்குப் போயிருக்கும்போது அடுப்பைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அம்மா இறந்த பிறகு வந்த சட்டம். அப்பா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். ஷிப்மென்ட் அவசரம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடுவார். இந்த ஞாயிறு அவசரம்.

"அழாத" என்றாள் ஆஷா. "செஞ்சிருவோம்."

சனிக்கிழமை அப்பாவிடம் சொல்லித் தயிரும் நீலம் மாம்பழமும் வாங்கி வைத்தாள். துணிக்கு அந்த வீட்டில் பஞ்சமே இல்லை. அப்பா கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி, கட்டிங் வேஸ்ட், ஒரு சாக்கு நிறையக் கிடந்தது. தரை துடைக்க, சைக்கிள் துடைக்க, மூக்கு துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஆஷா அதில் பெரியதாக, புதியதாக ஒரு மெரூன் துண்டைப் பார்த்து எடுத்தாள். புதுத் துணி சுத்தமாகத்தானே இருக்கும். ஒரு தடவை அலசினாள். தயிரைக் கொட்டி மூட்டையாகக் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். கீழே ஒரு கிண்ணம் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கம்பெனிக்குப் புறப்பட்டுப் போனார். ஆஷா மூட்டையை அவிழ்த்தாள்.

தயிர் கெட்டியாக இருந்தது. வழவழவென்று இருந்தது. இளஞ்சிவப்பாகவும் இருந்தது.

கிண்ணத்தில் வடிந்திருந்த தண்ணீர் ரோஸ்மில்க் மாதிரி இருந்தது.

"சூப்பரா இருக்குக்கா" என்று தனுஷ் கரண்டியோடு வந்தான்.

ஆஷா அவன் கையைப் பிடித்தாள். "தொடாத. சாயம் இறங்கியிருக்கு."

"அதனால என்ன? ஸ்ட்ராபெரின்னு சொல்லிருவோம்."

"நீ மாம்பழம்னுதான சொன்ன?"

"மாத்திக்கிடலாம். மாத்தக் கூடாதுன்னு யாரும் சொல்லலயே."

ஆஷா அந்தத் தயிரைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. படத்தில் வருகிற மாதிரி இருந்தது. கவிழ்த்தால் நிச்சயம் விழாது.

அவளுக்கு அப்பாவின் கை ஞாபகம் வந்தது. அடர்ந்த நிறத் துணி செக்கிங்குக்கு வருகிற நாளில் அப்பா உள்ளங்கை முழுக்க நிறத்தோடு வருவார். சோப்புப் போட்டுக் கழுவுவார். மறுபடி கழுவுவார். மோந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சோற்றுத் தட்டைத் தொடுவார்.

"இது சாப்பிடுற சாயம் இல்லடா. துணிக்குப் போடுறது."

"கொஞ்சூண்டுதானக்கா."

"கொஞ்சூண்டு உனக்கு. கொஞ்சூண்டு சிவராஜுக்கு. நாளைக்கு அவங்களுக்கு வயித்த வலின்னா?"

தனுஷ் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

ஆஷா தயிரைக் கொண்டுபோய்க் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். தெரு நாய்க்குக்கூட வைக்கவில்லை. தனுஷ் வாசலில் உட்கார்ந்து, "போச்சு. நான் புளுகன்தான். பேரை மாத்திக்கிடுறேன்" என்றான்.

"எந்திரி. கடைக்குப் போய்த் தயிர் வாங்கிட்டு வா. பாக்கெட் ஓட்டை இல்லாமப் பாத்து வாங்கு."

"மறுபடி தொங்கவிட நேரம் இல்லயேக்கா."

"நீ வாங்கிட்டு வா. நான் யோசிக்கிறேன்."

துணிக்கு என்ன செய்வது என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி. துவைத்துத் துவைத்து வெங்காயத் தோல் மாதிரி ஆகிவிட்டது. அதில் சாயமும் இல்லை, கஞ்சியும் இல்லை. கரை பக்கம் படாமல் நடுவில் மடித்துக்கொண்டால் போதும்.

நேரத்துக்கு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

தயிர் வந்தது. வேட்டியில் கட்டிக் கையால் பிழிந்து பார்த்தாள். தயிரும் சேர்ந்து பிதுங்கியது. நிறுத்தினாள். பக்கத்து வீட்டில் யாரோ ஈரப் போர்வையை முறுக்குகிற சத்தம் கேட்டது. ஆஷா அப்படியே நின்றாள்.

"தனுஷு, சாயப்பட்டறைக்கு ஒரு தடவை அப்பா கூட்டிட்டுப் போனாருல்ல. அங்க ஹைட்ரோன்னு ஒரு மெசின் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"பெரிய அண்டா மாதிரி. கிர்ர்ருன்னு சுத்தும்."

"அது துணியைப் பிழியுதா?"

"பிழியல. சுத்துது. தண்ணி தானா வெளிய ஓடிருது."

இருவரும் மூட்டையைப் பார்த்தார்கள். பிறகு மொட்டை மாடிக்கு ஓடினார்கள்.

ஆஷா வேட்டி முனையை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். மூட்டையை மெதுவாக ஆட்டினாள். பிறகு வேகமாக. பிறகு அவளும் சேர்ந்து சுற்றினாள். தயிர்த் தண்ணீர் மழை மாதிரி நாலு பக்கமும் தெறித்தது. தனுஷ் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இன்னும் வேகமா" என்று மேஸ்திரி மாதிரி உத்தரவு போட்டான். கை வலித்தால் நிறுத்தினாள். வலி போனதும் மறுபடி சுற்றினாள். கொஞ்ச நேரத்தில் மூட்டை பாதியாகிவிட்டது. தொட்டுப் பார்த்தாள். பிசைந்த மாவு மாதிரி இருந்தது.

"அக்கா" என்றான் தனுஷ். "பெட்ஷீட்டு."

ஒரே வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீடு முழுக்க ஞாயிற்றுக்கிழமைதான் துவைக்கிற நாள். கொடியில் நீல நிறப் பெட்ஷீட் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதில் தயிர்ப் புள்ளிகள். வீட்டு ஓனர் சித்ரகலா அக்காவின் பெட்ஷீட். அந்த வரிசையில் பிரிட்ஜ் இருப்பதும் அவர் வீட்டில் மட்டும்தான்.

"யாரும் பாக்கல. ஓடிரலாம்" என்றான் தனுஷ்.

"ஓடிட்டு, பின்னால அவங்ககிட்டயே போய் பிரிட்ஜ் கேக்கவா?"

ஆஷா பெட்ஷீட்டை எடுத்து மடித்துக் கையில் போட்டுக்கொண்டு கீழே போனாள். சித்ரகலா அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, உங்க பெட்ஷீட்டுல தயிர் தெறிச்சிருச்சு. நான்தான். இப்பவே அலசிப் போட்டுருதேன்."

சித்ரகலா அக்கா பெட்ஷீட்டைப் பார்த்தார். ஆஷாவின் தலையைப் பார்த்தார். அதிலும் தயிர் இருந்தது.

"மாடில தயிரு எப்புடி கண்ணு தெறிக்கும்?"

ஆஷா சொன்னாள். மூஸ், மெரூன் துணி, ஹைட்ரோ எல்லாவற்றையும் சொன்னாள். சித்ரகலா அக்கா கீரையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"செரி, அலசிப் போடு. பிரிட்ஜுல எடமில்ல கண்ணு. மாவு அரைச்சு ரெண்டு சட்டி வெச்சிருக்கறன்."

"ரெண்டும் முழுசா இருக்காக்கா?"

"ஒண்ணு பாதி. ஒண்ணு முக்காலுக்கு மேல."

"பொங்கிருமே. ஒரு பெரிய சட்டில ஊத்தி வச்சா ஒரு தட்டு காலியாகும்ல. நான் ஊத்தித் தாரேன். ரெண்டு சட்டியையும் கழுவியும் வச்சிருதேன்."

சித்ரகலா அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "பெரிய கெட்டிக்காரிதான் போ. கொண்டாந்து வெய்யி."

பெட்ஷீட்டும் வேட்டியும் அலசிக் கொடியில் போட்டாயிற்று. சட்டிகள் கழுவியாயிற்று. ஆஷா மாம்பழங்களைப் பிசைந்து நார் எடுத்தாள். கெட்டித் தயிரையும் சர்க்கரைப் பொடியையும் போட்டு மத்தால் கடைந்தாள். கடையக் கடைய அது லேசாகிப் பொங்கியது. மஞ்சளாக, கோழிக்குஞ்சு நிறத்தில் வந்தது. தனுஷ் டம்ளர்களைத் துடைத்து வைத்தான். ஐந்து டம்ளர் வந்தது. தனுஷ், அவன் நண்பர்கள் இரண்டு பேர், அப்பா, ஆஷா. கணக்குச் சரியாக இருந்தது.

பிரிட்ஜில் வைக்கப் போனபோது சித்ரகலா அக்கா, "வாசமா இருக்குதே" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

"அதுல ஒண்ணு உங்களுக்குத்தான்க்கா" என்றாள் ஆஷா.

மூன்றரை மணிக்கே கதவு தட்டப்பட்டது. சிவராஜ் எண்ணெய் தடவித் தலைசீவி, சட்டைப் பட்டன் எல்லாம் போட்டு நின்றான். பின்னால் ஆரோக்கியராஜ் ஒரு கரண்டியோடு நின்றான்.

"அக்கா, மூஸ் ரெடிங்களா?" என்றான் சிவராஜ் மிகவும் மரியாதையாக.

"நாலு மணிக்குத்தான வரச் சொன்னான்? அதுவரைக்கும் வெளிய விளையாடுங்க."

"இப்ப குடுத்தா என்னாகுமுங்க?"

"இன்னும் கொஞ்ச நேரம் குளிரணும். நாலு மணின்னா நாலு மணிதான்."

நாலு மணிக்கு ஆஷா தட்டில் டம்ளர்களைக் கொண்டுவந்தாள். டம்ளர்களின் வெளியே பனி பூத்திருந்தது. யாரும் சாப்பிடவில்லை. ஆரோக்கியராஜ்கூடக் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டான்.

தனுஷ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"கவுத்தறேன், தனுசு" என்றான் சிவராஜ். "உழுந்தா எம்மேல கோவிச்சுக்காத."

டம்ளர் அவன் தலைக்கு மேலே போனது. சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. முழுக்கக் கவிழ்ந்தது.

ஆஷா டம்ளரின் விளிம்பையே பார்த்தாள். மஞ்சள் மெதுவாகக் கீழே நகர்கிற மாதிரி இருந்தது. நகரவில்லை. அப்போது தனுஷின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

"உழுந்திருச்சு" என்றான் சிவராஜ்.

"எங்க விழுந்துச்சு? அது தண்ணி" என்றான் ஆரோக்கியராஜ். "டம்ளர் வேர்த்திருக்கு, பாரு."

"மூஸா இருந்தா?"

ஆரோக்கியராஜ் குனிந்து தனுஷின் நெற்றியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"தண்ணிதான். கொஞ்சம் எண்ணெய் வாசம். அது இவன் தலை."

சிவராஜ் டம்ளரை ஒரு தடவை குலுக்கினான். விழவில்லை. நிமிர்த்தினான். கரண்டியால் ஓரத்தில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தான். அப்புறம் நிறையக் கொஞ்சம் எடுத்தான்.

"ஓட்டல்ல இத்தன மாம்பழம் போடல" என்றான். பிறகு, தோற்றதை ஒப்புக்கொள்வது போல, "போடலீங்க்கா" என்று திருத்தினான்.

"நான் இப்ப கண்ணத் திறக்கலாமா?" என்றான் தனுஷ்.

சாயங்காலம் அப்பா வந்தபோது பையன்கள் போயிருந்தார்கள். அவர் கைகால் கழுவினார். கொடியிலிருந்து வேட்டியை எடுத்து இடுப்பில் கட்டினார். நின்றார்.

"வேட்டி ஏன் தயிரு வாசம் அடிக்கி?"

தனுஷ் சுவரைப் பார்த்தான். ஆஷா டம்ளரை நீட்டினாள்.

அப்பா ஒரு கரண்டி எடுத்தார். "நீ செஞ்சியா?"

"ஆமாப்பா. அடுப்பைத் தொடல."

அவர் இரண்டாவது கரண்டி எடுத்தார். அதற்குப் பிறகு டம்ளர் காலியாகும் வரை கரண்டி நிற்கவில்லை. காலியான பிறகும் கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "உனக்கு?" என்று அப்போதுதான் கேட்டார்.

"இருக்குப்பா" என்றாள் ஆஷா.

சமையலறைக்குப் போனாள். கடைந்த பாத்திரம் இன்னும் கழுவாமல் இருந்தது. காலையிலிருந்து அவள் ஒரு வாய்கூட ருசி பார்க்கவில்லை. விரலால் ஓரத்தை ஒரு சுற்று வழித்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டிருக்கலாம் என்று நினைத்தாள். சந்தேகம் தீர, பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து மறு பக்கத்தையும் வழித்தாள்.