‘தேத்தண்ணி’ வாசிக்கும் பஸ்

“அவன் வரல!”

“வந்தான்னு சொல்றேன்ல...”

“வரலன்னுதான் அதுல எழுதியிருக்கு!”

“ஏங்க, தாளு யாரு கையில இருக்கு? உங்க கையிலயா, என் கையிலயா?”

“உங்க கையில இருந்தா? இல்லாததை எல்லாம் வாசிச்சிடுவீங்களா?”

“முதல்ல நீங்க டிக்கெட் எடுங்க. கதைக்கு அப்புறம் வரலாம்லா!”

பஸ் முழுக்கச் சிரித்தது. அம்சவல்லிக்குக் காது மடல் வரை சுட்டது.

மலைமேல் பிரிஞ்சாங்கிலிருந்து கீழே ரிங்லெட்டுக்கு இறங்கும் சனிக்கிழமை பஸ் அது. பசாருக்குப் போய்த் திரும்பும் தோட்டத்துப் பெண்கள், மடியில் முட்டைக்கோசும் மீன் பொட்டலமுமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவே, கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கண்டக்டர் பழனியப்பன். ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் அந்தத் தாள். வளைவுகளில் பஸ் சாயும்போது அவனும் கூடவே சாய்ந்து நிமிர்ந்தான்... வாசிப்பு மட்டும் ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. என்ன குரல் அது! தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டும்போது வீசுமே ஒரு வாசம், அதுபோல இதமாக நெஞ்சுக்குள் இறங்கியது. அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம்.

“அன்று அவன் வந்தான். கையில் ஒரு குடை...” என்றல்லவா வாசித்தான்? அவள் எழுதியது, ‘அன்றும் அவன் வரவில்லை.’

“நான்தாங்க எழுதினேன்!”

சிரிப்பு நின்றது. பழனியப்பன் தாளைத் தாழ்த்தி அவளைப் பார்த்தான். மழைக்கு முந்திய ஏரி போலக் கறுத்துக் கிடந்த அந்தக் கண்களில் கோபம் பளபளத்தது. அவனுக்கு அடுத்த வளைவு மறந்துபோனது. பஸ் சாய்ந்தது. அவன் சாயவில்லை. கம்பியில் தலை இடித்தது.

“நீங்களா? ‘தேத்தண்ணி’ எழுதுறது நீங்களா? யாரோ ஆம்பளைன்னுல நெனச்சேன்...”

“ஏன்?”

“இல்ல... வாராவாரம் அந்தப் பொண்ணை பஸ் ஸ்டாப்ல நிறுத்தி வெச்சு, அவன் வரல, வரலன்னு... இவ்வளவு கல்மனசு ஆம்பளைக்குத்தான் இருக்கும்னு...”

பெண்கள் மறுபடி குலுங்கினார்கள். அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

‘தேத்தண்ணி’ அவளுடைய வாரத்தாள். முன்பக்கம் தோட்டத்துச் செய்தி, கிளினிக் திறக்கிற நாள், ஒரு சமையல் குறிப்பு. பின்பக்கம் தொடர்கதை. ஓரமாகக் கடை விளம்பரங்கள். எழுதுவதும், அச்சுக்கு ஸ்டென்சில் தாளில் கீறுவதும், தாப்பா டவுனில் பழசாக வாங்கிய சைக்ளோஸ்டைல் அச்சு மிஷினைக் கையால் சுற்றுவதும் அவளேதான். வழக்கமாக அப்பாவின் லாரியில் கடைகளுக்குக் கொண்டுபோவாள். இன்று லாரி படுத்துவிட்டதால், பிரிஞ்சாங் கடைகளில் தாளைப் போட்டுவிட்டுத் திரும்ப பஸ். ஏறினால்... அவளுடைய கதையை அவளுக்கே மாற்றிச் சொல்கிறான் ஒருத்தன்!

“ஒரு தாளை வாங்கி ஒரு பஸ்ஸுக்கே வாசிச்சா, மத்தவங்க எதுக்குங்க காசு குடுத்து வாங்குவாங்க? நான் எப்படிப் பொழைக்கிறது?”

“வாங்குறவங்க கெடக்கட்டும்ங்க. கேக்குறவங்க இருந்தா கடைக்காரங்க தானா...”

“எனக்கு நீங்க சொல்லித் தர வேணாம். இனிமே வாசிக்காதீங்க.”

அவன் முகத்தில் ஏதோ அணைந்தது. தாளை நாலாக மடித்து அவளிடம் நீட்டினான்.

“சரிங்க. வாசிக்கல.”

ரிங்லெட்டில் அவள் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. படிக்கட்டில் நின்று அவன் தன் கறுப்புக் குடையை நீட்டினான்.

“புடிங்க. அடுத்த வாரம் குடுத்தா போதும்.”

“வேணாங்க. என் கதையில அவன் வரல!”

சொல்லிவிட்டு நனைந்துகொண்டே நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது... கூடாது... பார்த்தாள். பஸ் இன்னும் கிளம்பவில்லை.

*

“தீபாவளி வரைக்கும்தாம்மா” என்றார் அவளுடைய அப்பா பக்கிரிசாமி. லாரி அழுக்குப் போகக் கை கழுவிக்கொண்டே சொன்னார். “அதுக்குள்ள உன் தாளு அதோட சோத்தை அதுவே தேடிக்கணும். இல்லன்னா மிஷினைக் குடுத்துட்டு உன் சின்னம்மா மககூட பினாங்கு ஃபேக்டரிக்குப் போயிடு. நான் கெட்டவன்னு நெனைக்காத.”

“தேடிக்கும்ப்பா. இனிமே பாருங்க... ஓசி வாசிப்பை நிறுத்திட்டேன்.”

பார்த்தார்கள். அடுத்த வாரம் கடைகளில் போட்ட தாள் பாதி திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரம் கட்டுப் பிரிக்காமலே வந்தது. பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மூசா, தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே தலையைச் சொறிந்தார்.

“இந்த வாரம் விளம்பரம் வேணாம்மா.”

“ஏன் மூசா பாய், நான் எழுதினதுல ஏதாச்சும் தப்பா?”

“தப்பெல்லாம் இல்ல. முன்ன கண்டக்டர் தம்பி பஸ்ல வாசிப்பாரு... ‘மூசா கடை மீன்கறி, கொதிக்கக் கொதிக்க’ன்னு ஒரு இழு இழுப்பாரு பாரு, எனக்கே பசிக்கும்! அடுத்த சனிக்கிழமை அந்தப் பொம்பளைங்க நேரா இங்கதான் வருவாங்க. தாளையும் இங்கதான் கேட்டு வாங்குவாங்க, வீட்டுல புள்ளைங்கள வாசிக்கச் சொல்லித் திரும்பக் கேக்க. இப்ப அவரு வாயையே திறக்கிறதில்லையே... யாரு திட்டினான்னு தெரியல.”

அம்சவல்லி தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்தாள்.

வீட்டுக்கு வந்தால், லயத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவான குழாயடியில், சனிக்கிழமை பஸ்ஸில் கதை கேட்கும் அம்மாக்கண்ணு. கொழுந்து பறித்துக் கறைபட்ட விரல்களால் அம்சவல்லியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி, நீதான் அந்தக் கதை எழுதுறவளாமே? அவன் என்னா ஆனான்? குடை கொண்டாந்தானே, அப்புறம்?”

“அவன் வரவே இல்லக்கா. கண்டக்டரு சும்மா மாத்திச் சொன்னாரு.”

“தெரியும்டி.”

“தெரியுமா?”

“எழுதினது ஒண்ணு, அந்தத் தம்பி சொல்றது ஒண்ணுன்னு எல்லாருக்கும்தான் தெரியும். எங்க வீட்டுக்காரரு இங்க வேலை செய்ய பெர்மிட் கெடைக்காம சொந்த ஊருக்குக் கப்பல் ஏறினாரு. வந்துர்றேன்னாரு. பன்னெண்டு வருஷமாச்சு... ஒரு தடவை உன் கதையை அந்தத் தம்பி எழுதினபடியே வாசிச்சுட்டாரு. நான் அழுதுட்டேன். அதுல இருந்துதான் மாத்துறாரு.” ஈரக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அவரு வரமாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? ஆனா பிரிஞ்சாங்ல இருந்து ரிங்லெட் வர்ற வரைக்கும்... வந்துட்டாருன்னு இருந்துட்டு இறங்குவேன். அதுபோதும்லா எனக்கு.”

குழாயில் தண்ணீர் குடம் நிறைந்து வழிந்தது. யாரும் மூடவில்லை.

*

ரிங்லெட் பஸ் ஸ்டாப்பில் அவள் மழையில் நின்றிருந்தாள். பஸ் வந்து நின்றது. கதவைத் திறந்த பழனியப்பன் அவளைப் பார்த்து ஒரு படி இறங்கி... அங்கேயே நின்றான்.

“டிக்கெட்டுங்களா?”

“இல்ல. திட்டு.”

“அதான் அன்னைக்கே முழுசா வாங்கிட்டேனே...”

“நான் வாங்க வந்திருக்கேன். நல்லாத் திட்டுங்க. நீங்க ஏன் மாத்துறீங்கன்னு அம்மாக்கண்ணு அக்கா சொன்னாங்க.”

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். “திட்டுற அளவுக்கு ஒண்ணும் இல்லைங்க. கேக்காம உங்க எழுத்துல கைவெச்சது என் தப்பு. ராத்திரி பகலா கீறி எழுதுறது நீங்க... நான் வெறும் வாயி.”

“அந்த வாயி இல்லாம என் தாளு செத்துக்கிட்டு இருக்கு. தீபாவளிக்குள்ள நிமிரலன்னா என்னைப் பினாங்குக்கு அனுப்பிடுவாங்க.”

“பினாங்குக்கா?”

அந்த ஒரு சொல்லில் அவன் முகம் வெளுத்ததை அவள் கவனித்தாள். ஏனோ குளிர் குறைந்ததுபோல இருந்தது.

“யோவ் பழனி! பஸ்ஸு கிளம்பணுமா, இல்ல கல்யாணத்தை முடிச்சிட்டு வர்றியா?” என்று டிரைவர் கத்தினார்.

“வாசிக்கிறேங்க” என்றான் அவசரமாக. “எழுதினபடியே வாசிக்கிறேன்.”

“வேணாம். மாத்துங்க. கடைசி நாலு வரி உங்களுக்குன்னு காலியா விடுறேன்.”

அவன் குடையை நீட்டினான். இந்தத் தடவை வாங்கிக்கொண்டாள்.

*

அப்புறம் அந்த மலை முழுக்க இதே பேச்சுதான். தாளின் கடைசியில் வெற்றிடம்... அதற்குள் கண்டக்டர் என்ன சொல்லப் போகிறான்? சனிக்கிழமை பஸ்ஸில் இடம் கிடைக்காதவர்கள் தாளை வாங்கி, பஸ்ஸில் போனவர்களைப் பிடித்து முடிவைக் கேட்டார்கள். மூசா பழையபடி வந்தார், இந்தத் தடவை கட்டம் கட்டிய விளம்பரத்தோடு. லெம்பா பெர்த்தாமிலிருந்து ஒரு காய்கறித் தோட்டக்காரர், டவுனில் ஒரு துணிக்கடை, ஒரு தையல்காரர்... “எங்க கடைப் பேரையும் அந்தத் தம்பி இழுத்து வாசிப்பாருல்ல?” என்று எல்லாருக்கும் ஒரே கேள்விதான்.

ஒருநாள் பக்கிரிசாமி கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “உன் சின்னம்மாவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். பொண்ணு வரலன்னு.”

எல்லாம் நிமிர்ந்தது. ஒன்றைத் தவிர.

வாராவாரம் தாள் வாங்க வருவான். “நல்லா இருக்கீங்களா?” என்பான். “நீங்க?” என்பாள். குடை அவளிடமே இருந்தது. அவன் திரும்பக் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. அதற்கு மேல் ஒரு சொல்... ம்ஹூம்! பஸ்ஸையே சிரிக்க வைக்கிற ஆள், அவள் முன்னால் மட்டும் சில்லறை எண்ணத் தொடங்கிவிடுவான். ‘சொந்தமா தாளு நடத்துற பொண்ணு, நான் டிக்கெட் கிழிக்கிறவன்’ என்று நினைக்கிறானோ?

நினைக்கட்டும். அவளிடம் ஸ்டென்சில் இருந்தது.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. மழை. அம்சவல்லி பிரிஞ்சாங்கில் ஏறி, அம்மாக்கண்ணுவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் கறுப்புக் குடை. பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. பழனியப்பன் விளம்பரங்களை இழுத்து வாசித்தான், முறுக்குச் செய்முறையை வாசித்தான். ரிங்லெட் நெருங்கும்போது தாளைத் திருப்பினான்.

“கடைசி அத்தியாயம்... அவள் காத்திருந்தவன் வரவே இல்லை.”

“ஐயோ!” என்றது ஒரு குரல்.

“இருங்கலா, இன்னும் இருக்கு... ஆனால், வாராவாரம் வேறு ஒருவன், அவள் கேட்காமலே, குடையோடு வந்துகொண்டிருந்தான். அவளுக்குத்தான் அவனை அடையாளம் காண இத்தனை நாள் ஆனது. அன்று அவள் அவனிடம் சொன்னாள்... ‘இனி நான் அந்த ஆளுக்காக நிற்கவில்லை... உங்களுக்காகத்தான்...’”

வளைவே இல்லாத இடத்தில் அவன் குரல் தடுக்கியது.

“‘...உங்களுக்காகத்தான் நிற்கிறேன். கடைசி வரைக்கும் கூட வர்றீங்களா?’ என்று கேட்டாள். அதற்கு அவன்...”

அதற்குக் கீழே நாலு வரி. காலி.

பஸ் ரிங்லெட்டில் நின்றது. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இறங்க வேண்டியவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

“தம்பி...” அம்மாக்கண்ணு மெல்லக் கேட்டாள். “அவன் என்னா சொன்னான்?”

பழனியப்பன் தாளைப் பார்த்தான், குடையைப் பார்த்தான், கடைசியில் அவள் கண்களைப் பார்த்தான். அன்றைக்குக் கோபம் மின்னிய இடத்தில் இன்றைக்கு வேறு ஏதோ ததும்பிக்கொண்டிருந்தது.

அம்சவல்லி கன்னம் சிவக்க, ஆனால் பார்வையை எடுக்காமல் சொன்னாள்:

“என்ன கண்டக்டரே... இத்தனை வாரமா நான் எழுதாததை எல்லாம் வாசிச்சீங்களே... இதையும் வாசிங்க.”