கூவாத மணிக்கட்டுகள்

கோகிலவாணியின் மணிக்கட்டு கூவியது. அரங்கமே அவள் கையைப் பார்த்தது. அவளும் பார்த்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

ஸ்னூக்கர் மேசையில் மிச்சமிருந்தவை பிங்க் பந்தும் பிளாக் பந்தும். பிளாக்குக்கு மேலாகக் குனிந்து பிங்க்கைக் குறிவைத்தபோது, சட்டைக்கை பிளாக்கில் பட்டுவிட்டதோ என்று ஒரு நினைப்பு வந்துபோயிற்று. பட்டதா என்பது அவளுக்கே தெரியாது. நினைப்பு வந்ததே போதும், ஃபவுல். எதிராளி ரித்விக்குக்கு ஏழு புள்ளிகள், அடிக்கும் முறையும் அவனுக்கு, அரையிறுதியும் அவனுக்கு. தேசியப் போட்டிக்கு நொய்யல் மண்டலத்துக்கு இருந்ததோ ஒரே ஓர் இடம்.

பார்வையாளர் வரிசையில் நாச்சிமுத்துவுக்கு உட்கார முடியவில்லை. நொய்யல் மண்டல பில்லியர்ட்ஸ் ஸ்னூக்கர் சம்மேளனத்தின் செயலாளர் அவர். அவள் மணிக்கட்டில் கூவிய கைப்பட்டையைக் கொண்டுவந்து, அதற்கு நெஞ்சறி என்று பெயர் வைத்தவரும் அவரே. சற்று முன்பு ரித்விக்கின் முழங்கை ஒரு சிவப்புப் பந்தை நகர்த்தியதை அவர் தன் கண்ணால் கண்டிருந்தார். பையன் பந்தைப் பார்த்தான், க்யூ கோலின் நுனியில் சாக்கட்டியைத் தேய்த்தான், அடித்தான். அவன் பட்டை மூச்சுவிடவில்லை. நடுவரும் பேசவில்லை. புது விதிப்படி, பந்தில் பட்டதா இல்லையா என்பதை நெஞ்சறி மட்டுமே சொல்லலாம்.

ஸ்னூக்கரில் ஒரு வழக்கம் உண்டு. பந்தில் கை பட்டால், யாரும் பார்க்காவிட்டாலும் ஆடுபவரே நிமிர்ந்து நடுவரிடம் சொல்லிவிடுவார். ஸ்பான்சர்கள் பெருகியபின் நிமிர்கிறவர்கள் குறைந்தார்கள். குனிந்த உடம்புக்கு அடியில் நடப்பதைக் கேமராவால் பார்க்க முடியாது, மனசுக்குத் தெரியும் அல்லவா? தப்புச் செய்துவிட்டோம் என்று உணரும் கணத்தில் தோலில் ஈரம் ஊறும், நாடி ஒரு துடிப்பு தவறும். நெஞ்சறி அதைப் பிடித்துக் கூவும். பரீட்சைக் கூடங்களும் பெண் பார்க்கப் போகும் வீடுகளும்கூட அதைக் கேட்டு வரிசையில் நின்றன.

சோதனையில் ஒரு தடவைகூட அது பிசகவில்லை. எப்படிப் பிசகும்? நாச்சிமுத்து தேடிப் பிடித்தவர்கள் எல்லாம், தாமே நிமிர்ந்து சொல்லிவிடும் ஆட்டக்காரர்கள். பட்டையே தேவைப்படாதவர்கள் கையில் கட்டிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் சரி என்று கையெழுத்துப் போட்ட மகா புத்திசாலி அவர். அரையிறுதி முடிந்த இரவு அவருக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் அவினாசி சாலை அலுவலகத்தில் மேல்முறையீட்டுக் கூட்டம். நாற்காலி இருந்தும் கோகிலவாணி வாசலில் நின்றுகொண்டே இருந்தாள்.

“ஏனுங்க சார், பட்டுச்சான்னு எனக்கே தெரியலீங்க. அதுக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?”

“உள்ள போயிப் பேசறன் கண்ணு” என்றார் அவர்.

உள்ளே தலைவர் சென்னியப்பன், பொருளாளர், உறுப்பினர்கள் இருவர். நாச்சிமுத்துவோடு ஐந்து பேர் கையிலும் நெஞ்சறி. ஆட்டக்காரர்களுக்குள்ள விதி எங்களுக்கும் உண்டு என்று தலைவர் பேட்டியெல்லாம் கொடுத்திருந்தார். யார் பட்டை கூவுகிறதோ அவர் வாக்கு செல்லாது. இந்த வருஷத்து ஸ்பான்சர் ரித்விக்கின் அப்பா என்பது அனைவருக்கும் தெரியும். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கருவியில் பிழை உண்டா என்பதுதான் கேள்வி. தலைவர் இல்லை என்றார். பட்டை சும்மா இருந்தது. பொருளாளர் டீயை உறிஞ்சியபடியே இல்லை என்றார். அதுவும் சும்மா இருந்தது. மற்ற இருவரும் அப்படியே.

நாச்சிமுத்து எழுந்தார்.

“பிழை இருக்குதுங்க. மனசு உறுத்தறவங்களை மட்டுந்தான் இது புடிக்குது. உறுத்தாதவங்க கையில இது வெறும் வளையல். அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க. இதைக் கொண்டாந்தவன் நான்...”

சொல்லும்போதே, கதவுக்கு அப்பால் நிற்பவள் நினைவுக்கு வந்தாள். தான் போட்ட கையெழுத்தும் நினைவுக்கு வந்தது. உள்ளங்கை வேர்த்தது. பட்டை கூவியது.

“உக்காருங்க நாச்சிமுத்து” என்றார் சென்னியப்பன், உண்மையான வருத்தத்தோடு. “மெஷினு நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு நீங்களே காட்டிட்டீங்க.”

செல்லாத வாக்கைத் தள்ளிவிட்டு, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அவர் கதவைத் திறந்தபோது கோகிலவாணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தாள். கூவல் வெளியே கேட்டிருந்தது.

“நீங்களும் பொய் சொன்னீங்களா சார்?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். பட்டை முந்திக்கொண்டது.