குகைச் சுவரில் ஒரு வலை

"புதையல் பெட்டியில்லாமல் திரும்பினால் இன்று எனக்குச் சாப்பாடே வேண்டாம்!" என்று சூளுரைத்து இசக்கி துடுப்பை எடுத்தான். மூன்று வேளையும் விருந்து படைக்கும் சொகுசு விடுதியில் அது பெருந்தியாகந்தான் என்று அவன் அக்கா பேச்சியம்மாள் நினைத்தாள்.

மும்பையில் வளர்ந்த அவ்விருவரும் பெற்றோருடன் பெலீஸ் நாட்டின் கரீபியக் கடற்கரைக்கு விடுமுறைக்கு வந்திருந்தனர். விருந்தினர் பொழுதுபோக்க, விடுதியே எதிர்த்தீவின் குகையில் ஒரு புதையலை ஒளித்து வரைபடமும் தந்திருந்தது. "பாறை வழுக்கும், நானும் வருகிறேன்" என்றார் படகுத்துறைப் பொறுப்பாளர் வின்ஸ்டன். பெரியவர் துணையோடு போவது வீரத்துக்கு இழுக்கு என்று இசக்கி மறுத்துவிட்டான்.

ஒரு மணி நேரம் துடுப்பு வலித்துக் குகையை அடைந்தனர். மேல்திட்டில் பெட்டி!

"கெடச்சிட்டு அக்கா!"

பெட்டியோடு குதித்தவன் பாறைப் பள்ளத்தில் இடுப்பளவு நீரில் விழுந்தான். வலக்கால் இரு பாறைகளுக்கிடையே சிக்கிக்கொண்டது.

"ஏல, காலை உருவு!"

"வரமாட்டேங்குக்கா!"

பேச்சி இழுத்தாள், பாறையைத் தள்ளினாள். துடுப்பைக் கொடுத்து நெம்பினாள், துடுப்புதான் முறிந்தது. அதற்குள் நீர் அவன் வயிற்றைத் தாண்டியிருந்தது. ஓதம், கடலேற்றம்! மும்பைக் கடல் ஆளுயரப் பாறைகளை ஒரு பிற்பகலில் விழுங்குவதை இருவரும் பார்த்து வளர்ந்தவர்கள். உதவிக்குப் போய்த் திரும்ப இரண்டு மணி நேரமாகும்.

வாசலில் நின்று கத்தினாள். அலையோசை அவள் குரலை விழுங்கியது. திரும்பி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு செய்வதற்கு எதுவும் இல்லை. நீர் மார்பைத் தொட்டது.

"நீ போயிரு அக்கா. அம்மாட்ட..."

"வாய மூடுல. சொத்துப் பிரிக்கப் போறவன் மாதிரி பெட்டியக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்க!"

கண்ணீரை அவன் காணாதிருக்கச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். அங்கே, அவன் கழுத்தளவு உயரத்தில், ஒரு சிலந்தி வலை. அதில் தூசி படிந்திருந்தது. உலர்ந்த பூச்சிச் சிறகுகள் ஒட்டியிருந்தன.

"இசக்கி, இது ரொம்ப நாள் வலைல. தண்ணி இதுவரைக்கும் ஏறியிருந்தா இது இருக்குமா? நான் போய் ஆளக் கூட்டிட்டு வாரேன்."

"ஒரு சிலந்திய நம்பியா என்னை விட்டுட்டுப் போற?"

"உன் வரைபடத்த நம்பினதுக்கு இது மேலு."

அவள் முழுமையாக நம்பினாள் என்று சொல்வதற்கில்லை, நம்பாமலிருக்க வழியில்லை. மீதமிருந்த ஒற்றைத் துடுப்போடு தனியே போனாள். துடுப்பை ஒவ்வொரு முறை வலிக்கும்போதும் நீர் அவன் வாயைத் தொடுவதாகவே தோன்றியது.

வின்ஸ்டனும் கடப்பாரையும் விசைப்படகில் உடன்வரத் திரும்பியபோது குகைக்குள் சத்தமே இல்லை.

"இசக்கி!"

"மெதுவா வா. சிலந்தி இப்பத்தான் வெளிய வந்திருக்கு."

நீர் வலைக்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது.

"இங்கே கடல் இவ்வளவுதான் ஏறும்" என்றார் வின்ஸ்டன் வியப்போடு. "கேட்டிருந்தால் கரையிலேயே சொல்லியிருப்பேனே!" கடப்பாரையை ஊன்றி ஒரே நெம்பு. கால் விடுபட்டது.

துறையில் விருந்தினர் ஆரவாரிக்க, இசக்கி நொண்டியபடி பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு பரிசுச் சீட்டு: இலவசமாகக் கால் பிடித்துவிடப்படும்.

வீங்கிய காலை அவன் பார்த்தான். பிறகு சாப்பிடப் போனான்.

மறுநாள் காலை, மணலில் கால் வைக்குமுன் பேச்சி வின்ஸ்டனிடம் சென்று, "இந்தக் கடலைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டாள். இசக்கியும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.