காமில் பார்த்த கோட்டை

ரஞ்சன்குடிக் கோட்டைச் சுவரில் கை வைத்தபடி, இது எவ்வளவு பெரிசு என்று காமில் கேட்டான். ரொம்பப் பெரிசு என்றாள் அக்கா ருமைசா.

"ரொம்பன்னா?"

ருமைசா தலையை நிமிர்த்திச் சுவரின் உச்சியைப் பார்த்தாள். காமிலுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. எதையும் விரலால்தான் பார்ப்பான். அத்தா குவைத்திலிருந்து அனுப்பிய பொம்மை யானையைத் தடவிவிட்டு, யானை பூனையைவிடச் சின்னது என்று தங்கள் ஊர் லப்பைக்குடிகாடு முழுக்க அடித்துச் சொன்னவன்.

இங்கே கைக்கு எட்டிய கல்வரைதான் அவனுக்குக் கோட்டை. எட்டியவரை எக்கிப் பார்த்தான். பிறகு உம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். காமில் பேச ஆரம்பித்தால் பஸ் டிரைவர்கூடக் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். அவன் பேசாமல் இருந்தது ருமைசாவுக்கு என்னவோ செய்தது.

சற்றுத் தள்ளி ஒரு முக்காலிமேல் சின்னப் பெட்டி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அருகில் நின்றவர் மலர்க்கொடி. கோட்டையை அளக்க வந்த பொறியாளர். ருமைசா கேட்டதும் அவர் விளக்கினார்.

"இது லேசர் ஒளியைச் சுவர்மேல அடிக்கும். ஒளி பட்டுத் திரும்பி வரும். போயிட்டு வர எவ்வளவு நேரமாச்சுன்னு உள்ள இருக்கற உணரி பார்த்துக்கும். நேரம் தெரிஞ்சா தூரம் தெரிஞ்சுரும்."

அப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்தால் கம்ப்யூட்டரில் கோட்டை எழுந்து நிற்குமாம். அதை முப்பரிமாண அச்சு மிஷினில் ஒரு சாண் உயரப் பொம்மையாகவும் எடுக்கலாமாம். தம்பிக்கு ஒன்று கிடைக்குமா என்று ருமைசா கேட்டாள். காமிலைப் பார்த்துவிட்டு மலர்க்கொடி சரி என்றார்.

தம்பியிடம் சொல்ல ஓடப் போனவள் நின்றாள். யானை நினைவுக்கு வந்தது.

"மேடம், கோட்டையே ஒரு சாண்தான்னு சொல்லுவான். சுவருக்குக் கீழ நானும் நிக்கறேன். என் உசரம் அவனுக்குத் தெரியும்."

அளவெடுப்பில் ஆள் இருக்கக் கூடாது என்றார் மலர்க்கொடி. கொஞ்சம் யோசித்தார். தன் வேலை முடிந்ததும் அவளுக்காகத் தனியாக ஒருமுறை எடுப்பதாகச் சொன்னார்.

"ஆனா அசையக் கூடாது. அசைஞ்சா கலைஞ்சு போயிருவ."

ருமைசா நின்றாள். பெரம்பலூர் மாவட்டத்து எறும்புகள் எல்லாம் அன்று அவள் கால் வழியாகத்தான் ஊர்வலம் போயின. ஓர் ஈ அவள் மூக்கு நுனியில் குடித்தனமே நடத்தியது. வெயிலோ, தலையில் தோசை சுடலாம் போல இருந்தது. அவள் இமைகூட அசையவில்லை.

"மூச்சாவது விட்டியா?" என்றார் மலர்க்கொடி.

"கொஞ்சமா விட்டேன்."

அடுத்த மாதம் பார்சல் வந்தது. காமில் பொம்மைக் கோட்டையை மேலிருந்து கீழே தடவினான். முகம் வாடிவிட்டது.

"இவ்ளோதானா?"

ருமைசா அவன் விரலைச் சுவரின் அடிக்குக் கொண்டுபோனாள். அங்கே புளியங்கொட்டை அளவில் ஏதோ தட்டுப்பட்டது.

"இது யாரு?"

"நான்தான்."

காமில் எழுந்தான். அக்காவின் பாதத்திலிருந்து உச்சந்தலைவரை தடவிப் பார்த்தான். உச்சியைத் தொட அவன் எக்க வேண்டியிருந்தது. மறுபடி உட்கார்ந்து, புளியங்கொட்டை அக்காமேல் விரலை வைத்தான். அவள்மேல் இன்னொரு அக்கா, அதன்மேல் இன்னொரு அக்கா என்று மெதுவாகச் சுவரில் ஏறினான். ஏற ஏற அவன் முகமும் மேலே உயர்ந்தது.

சாப்பிட வா என்று உம்மா கூப்பிட்டாள்.

"இரு உம்மா," என்றான் காமில், கழுத்தை இன்னும் பின்னால் சாய்த்து. "நான் இன்னும் உச்சிக்குப் போகல."